வாசகர் கேள்வி-பதில்: சுடாமல் இருந்த துப்பாக்கிகள்

கேள்வி: நவீன அரசியல் வரலாற்றின் மிகப் பெரிய திருப்புமுனை என்று ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்? பெர்லின் சுவர் விழுந்ததுதானே?

பதில்: ஆண்டு சரி, 1989தான். நாள்தான் வேறு. சுவர் திறந்த நவம்பர் 9-ஐ எல்லோரும் சொல்வார்கள், நான் அதற்குச் சரியாக ஒரு மாதம் முன்னால், அக்டோபர் 9 அன்று கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நடந்ததைச் சொல்வேன். அன்று திங்கட்கிழமை. நிக்கோலாய் தேவாலயத்தில் பிரார்த்தனை முடிந்து வந்தவர்களோடு வெளியே காத்திருந்தவர்களும் சேர, சுமார் 70,000 பேர் அரசை எதிர்த்துத் தெருவில் நடந்தார்கள். நிறையப் பேர் கையில் மெழுகுவர்த்தி. அதைப் பிடிக்க ஒரு கை, காற்றில் அணையாமல் மறைக்க இன்னொரு கை, அப்புறம் கல்லெடுக்கக் கை ஏது?

எதிரே ஆயுதத்தோடு படை. மருத்துவமனைகளில் கூடுதல் ரத்தம் சேர்த்து வைத்திருந்தார்கள். நான்கு மாதம் முன்பு, ஜூன் 4 அன்று, பெய்ஜிங்கில் ராணுவம் மக்களைச் சுட்டதைக் கிழக்கு ஜெர்மனி அரசு வெளிப்படையாகவே ஆதரித்திருந்தது, நடந்தவர்களுக்கும் அது தெரியும். தெரிந்தும் நடந்தார்கள். படை சுடவில்லை. கூட்டம் நகரைச் சுற்றி வந்து கலைந்தது, அவ்வளவுதான். ஆனால் அன்றோடு பயம் போய்விட்டது. ஒன்பதே நாளில் நாட்டின் தலைவர் ஹோனெக்கரின் பதவியும் போனது.

நவம்பர் 9 அன்று நடந்தது ஒரு குளறுபடி. பயண விதிகளைத் தளர்த்தும் அறிவிப்பைப் பத்திரிகையாளர்களிடம் படித்த ஆளுங்கட்சிப் பிரமுகர் ஷபோவ்ஸ்கியிடம் எப்போதிலிருந்து என்று கேட்டார்கள், அவர் கையிலிருந்த தாள்களைப் புரட்டிவிட்டு, தனக்குத் தெரிந்தவரை உடனடியாக என்றார். விதி மறுநாள்தான் அமலுக்கு வரவேண்டியது! செய்தி கேட்ட மக்கள் எல்லைக்கு வந்து குவிந்தார்கள். போர்ன்ஹோல்மர் தெருச் சோதனைச் சாவடியில் பொறுப்பிலிருந்த ஹரால்ட் யேகர் மேலிடத்துக்குத் திரும்பத் திரும்ப போன் போட்டும் தெளிவான பதில் வரவில்லை, இரவு பதினொன்றரை வாக்கில் அவரே திறக்கச் சொல்லிவிட்டார். 1961 முதல் 28 வருஷம் அடைத்துக் கிடந்த வழி அது. லைப்சிக்கில் ரத்தம் ஓடியிருந்தால் அத்தனை பேர் அன்று வெறுங்கையோடு அங்கே போய் நின்றிருப்பார்களா என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு யேகரையும் பிடிக்கும், ஆனால் லைப்சிக்கில் நடந்தவர்கள்தான் முதலில்.

கேள்வி: கார் ஓட்டுநர் தவறான தெருவில் திரும்பியதால்தான் முதல் உலகப் போர் வந்தது என்கிறார்களே?

பதில்: தவறான திருப்பம் உண்மை. 1914 ஜூன் 28, சரயேவோ. காலையில் வீசப்பட்ட குண்டிலிருந்து ஆஸ்திரியா-ஹங்கேரியின் பட்டத்து இளவரசர் ஃபெர்டினாண்ட் தப்பிவிட்டார், அதனால் பாதையை மாற்றினார்கள், ஓட்டுநருக்குத்தான் யாரும் சொல்லவில்லை. பழைய பாதையில் திரும்பிய கார் நின்ற இடத்தில், 19 வயது பிரின்சிப் துப்பாக்கியோடு இருந்தான், இளவரசரைச் சுட்டுக் கொன்றான். ஆனால் போர் தொடங்கியது ஜூலை 28-ல். இடையில் முழுசாக ஒரு மாதம் இருந்தது. வியன்னாவும் பெர்லினும் ரஷ்யத் தலைநகர் பீட்டர்ஸ்பர்க்கும் நினைத்திருந்தால் நிறுத்தியிருக்கலாம். நான்கு பேரரசுகளைச் சாய்த்த போரின் பழியை ஓர் ஓட்டுநர் தலையில் கட்டுவது அநியாயம்.

கேள்வி: யாரும் அதிகம் பேசாத திருப்புமுனை ஏதாவது?

பதில்: நியூசிலாந்து, 1893. அந்த ஆண்டு பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு கேட் ஷெப்பர்டும் தோழிகளும் ஏறத்தாழ 32,000 கையெழுத்து திரட்டினார்கள். முக்கிய மனுவின் தாள்களை ஒன்றோடொன்று ஒட்டிச் சுருட்டியபோது 270 மீட்டருக்குக் குறையாமல் வந்தது. அதை நாடாளுமன்றத்துக்குள் கொண்டுபோய்த் தரையில் உருட்டிவிட்டார்கள், அவை நடுவே விரிந்துகொண்டே போனது. அப்படியும் மேலவையில் 20-க்கு 18 என்றுதான் மசோதா தப்பியது. செப்டம்பர் 19-ல் சட்டமானது, தேசியத் தேர்தலில் எல்லாப் பெண்களுக்கும் வாக்குரிமை தந்த முதல் தன்னாட்சி நாடு அதுதான். சுவிட்சர்லாந்துப் பெண்கள் இதே உரிமைக்கு 1971 வரை காத்திருந்தார்கள்.