பெர்ஃபார்மன்ஸ் கோ-பைலட்டில் மெட்ரிக் மதிப்பு தரும் கால்பேக்கை எப்படி எழுத வேண்டும்? என் ஏஜெண்டை பிஎம்சிடி ஏன் துண்டிக்கிறது?

பெர்ஃபார்மன்ஸ் கோ-பைலட் என்பது கம்ப்யூட்டரின் அளவீடுகளை (மெட்ரிக்) சேகரித்துக் காட்டும் மென்பொருள். அளவீட்டை எடுத்துத் தருவது ஏஜெண்ட், ஏஜெண்டுகளிடம் கேட்டு வாங்கிக் கொடுப்பது பிஎம்சிடி, மதிப்பு வேண்டும்போது ஏஜெண்டில் கூப்பிடப்படும் ஃபங்ஷன் கால்பேக். நீங்கள் கேட்டிருப்பது இது: செம்பனை ஆலையில் நான்கு ஸ்டெரிலைசர் (குலையை நீராவியில் வேக வைக்கும் கலன்). ஒவ்வொன்றுக்கும் நீராவி அழுத்தம், வெப்பநிலை, கதவு நிலை போன்ற ஆறு மெட்ரிக். பைத்தானில் ஒரு ஏஜெண்ட் எழுதி, கால்பேக்குக்குள்ளேயே பிஎல்சியிடம் (ஆலை இயந்திரங்களை இயக்கும் சின்னக் கம்ப்யூட்டர்) மோட்பஸ் என்ற தகவல் தொடர்பு முறை வழியாகக் கேட்டு மதிப்பைத் திருப்புகிறீர்கள். ஒரு மெட்ரிக்கை மட்டும் கேட்டால் ஒழுங்காக வருகிறது. எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டால் பிஎம்சிடி ஏஜெண்டைக் கழற்றி விடுகிறது. நெட்வொர்க் கோளாறா என்று கேட்கிறீர்கள்.

நெட்வொர்க் மேல் தவறில்லை. நான் பெஸ்தாரி ஜெயா பக்கம் (வீட்டில் இன்னும் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தைதான்) ஓர் எண்ணெய் ஆலையில் இதே மாதிரி வேலையைப் பார்க்கிறேன், அதனால் உங்கள் நிலைமை நன்றாகவே புரிகிறது. பிஎல்சியிடம் போய்க் கேட்கும் வேலையைக் கால்பேக்குக்குள் வைத்திருக்கிறீர்களே, அதுதான் பிரச்சினை.

ஒரு ஃபெட்ச் (மதிப்புகளைக் கேட்கும் கோரிக்கை) வந்தால் கால்பேக் ஒரு தடவைதான் ஓடும் என்று நினைத்து எழுதுபவர்கள் நிறையப் பேர். அப்படி இல்லை. கேட்கப்பட்ட ஒவ்வொரு மெட்ரிக்குக்கும், அதன் ஒவ்வொரு இன்ஸ்டன்ஸுக்கும் (இங்கே ஒவ்வொரு ஸ்டெரிலைசரும் ஓர் இன்ஸ்டன்ஸ்) தனித்தனியாக ஓடும். நான்கு ஸ்டெரிலைசர், ஆறு மெட்ரிக் என்றால் ஒரே ஃபெட்சில் 24 தடவை. மோட்பஸில் ஒரு கேள்விக்குப் பதில் வரக் கால் விநாடி ஆகிறது என்று வையுங்கள், மொத்தம் 6 விநாடி. பிஎம்சிடி ஓர் ஏஜெண்டின் பதிலுக்காகக் காத்திருப்பது, நீங்கள் எதையும் மாற்றாதவரை, 5 விநாடி. அதைத் தாண்டினால் ஏஜெண்ட் செத்துவிட்டது என்று முடிவு கட்டித் துண்டித்துவிடும்.

காத்திருக்கும் நேரத்தை பிஎம்சிடியின் ஆப்ஷனில் கூட்டலாம். சிலர் அதைத்தான் முதலில் சொல்வார்கள். நான் செய்ய மாட்டேன். பிஎம்சிடி உங்கள் ஏஜெண்டுக்காகக் காத்திருக்கும்போது, சிபியு விவரம் கேட்டு வந்த இன்னொருவரும் பின்னால் வரிசையில் நிற்கிறார். உங்கள் பிஎல்சி மெதுவாக இருப்பதற்கு அவர் ஏன் காத்துக் கிடக்க வேண்டும்?

தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு எப்படி நடக்கும் என்று தெரியும்தானே. மண்டோர் பெயரைக் கூப்பிட்டதும் 'இருக்கேன்' என்று குரல் வர வேண்டும், அவ்வளவுதான். கூப்பிட்ட பிறகு ஒவ்வொருவரையும் லயத்துக்குப் போய் எழுப்பிக் கூட்டி வந்தால் விடிந்து வெயிலேறினாலும் பெரட்டு முடியாது. கால்பேக்கும் கையில் தயாராக இருக்கும் மதிப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு நகர வேண்டும்.

அப்படியென்றால் மதிப்பு எப்போது கைக்கு வரும்? பைத்தானில் இதற்கென்றே இரண்டு இடம் கொடுத்திருக்கிறார்கள். 'செட் ஃபெட்ச்' மூலம் கொடுக்கும் ஃபங்ஷன் ஒவ்வொரு ஃபெட்சின் தொடக்கத்திலும் ஒரு தடவை ஓடும். 'செட் ரெஃப்ரெஷ்' மூலம் கொடுப்பது அந்த ஃபெட்சில் வரும் கிளஸ்டர் (மெட்ரிக்குகளின் குழு) ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை ஓடும். பிஎல்சியைப் படிப்பது இந்த இரண்டில் ஒன்றில் இருக்கட்டும். படித்ததை ஒரு டிக்ஷனரியில் (பைத்தானின் பெயர்-மதிப்புப் பட்டியல்) போட்டு வையுங்கள். கிளஸ்டர், ஐட்டம் (குழுவுக்குள் மெட்ரிக்கின் எண்), இன்ஸ்டன்ஸ் மூன்றையும் வாங்கும் கால்பேக் அதிலிருந்து எடுத்துக் கொடுக்கட்டும். சி மொழியில் எழுதுபவர்கள் ஃபெட்ச் ஃபங்ஷனையே தங்களுடையதாக மாற்றி, முதலில் புதுப்பித்துவிட்டு, பிறகு நூலகத்தின் ஃபெட்சைக் கூப்பிடுவார்கள். மென்பொருளோடு வரும் 'சிம்பிள்' என்ற மாதிரி ஏஜெண்டின் அமைப்பும் அதுதான், ஒரு தடவை திறந்து படித்துப் பாருங்கள்.

மோட்பஸ் ஒரே கேள்வியில் அடுத்தடுத்த 125 ரிஜிஸ்டர் (பிஎல்சி எண்ணை வைத்திருக்கும் இடம்) வரை தரும். பிஎல்சி புரோகிராம் செய்தவரிடம் சொல்லி நான்கு ஸ்டெரிலைசரின் விவரத்தையும் அடுத்தடுத்த ரிஜிஸ்டரில் வைக்கச் சொன்னால் 24 கேள்வி ஒன்றாகிவிடும். வேகம் மட்டும் இல்லை, இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. மோட்பஸ் ரிஜிஸ்டர் 16 பிட். மொத்தக் குலை எடை போன்ற 32 பிட் எண் இரண்டு ரிஜிஸ்டரில் பிரிந்து கிடக்கும். மேல் பாதியையும் கீழ் பாதியையும் தனித்தனியாகக் கேட்டால் நடுவில் எண் மாறிவிடலாம். மேலே 1, கீழே 65535 என்று இருந்தது அடுத்த நொடி 2, 0 ஆகிறது. நீங்கள் பழைய மேல் பாதியையும் புதிய கீழ் பாதியையும் படித்தால் 131072 வர வேண்டிய இடத்தில் 65536 வரும். ஏறிக்கொண்டே போக வேண்டிய கவுண்டர் பின்னால் போனதாகக் கண்காணிக்கும் மென்பொருள் நினைத்துக்கொள்ளும். அலுவலகக் கிராணி எடைமேடைக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு வந்து கேட்டால் பதில் சொல்ல முடியாது.

அப்புறம், எத்தனை பேர் கேட்கிறார்களோ அத்தனை ஃபெட்ச் வரும். மதிப்புகளைப் பதிவு செய்யும் பிஎம்லாகர் வழக்கமாக 60 விநாடிக்கு ஒரு தடவை கேட்கும். யாராவது வரைபடம் காட்டும் பிஎம்சார்ட்டைத் திறந்து ஒரு விநாடி இடைவெளி வைத்தால் பிஎல்சிக்கும் விநாடிக்கு ஒரு கேள்வி போகும். கடைசியாகப் படித்த நேரத்தைக் குறித்து வைத்து, சில விநாடிகூட ஆகவில்லை என்றால் பழையதையே கொடுங்கள். பிஎல்சி ரொம்ப மெதுவென்றால் படிப்பதற்கு ஒரு தனிச் சின்ன புரோகிராம் வைத்து, அது ஒரு கோப்பில் எழுத, ஏஜெண்ட் அந்தக் கோப்பைப் படிப்பது எனக்குப் பிடித்த வழி. வேறு பெயரில் எழுதி முடித்துவிட்டு, பிறகு சரியான பெயருக்கு மாற்றுங்கள். அப்படிச் செய்தால் பாதி எழுதிய கோப்பு ஏஜெண்டின் கையில் சிக்காது.

படிக்க முடியாதபோது என்ன செய்வது? நீங்கள் ஒட்டியிருக்கும் நிரலில் பிழை வந்தால் 0 திருப்புகிறீர்கள். தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள். ஸ்டெரிலைசரில் அழுத்தம் சுமார் 3 பார் வரை ஏறி, வேக வைத்து முடிந்ததும் நீராவியை வெளியே விட்டு 0-க்கு வந்த பிறகுதான் கதவைத் திறப்பார்கள். 0 என்பது அங்கே உண்மையான மதிப்பு. மத்தியான இடி மழையில் நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்று செத்துப் போனால் உங்கள் வரைபடம் நான்கு ஸ்டெரிலைசரும் வேலை முடிந்து நிற்பதாகக் காட்டும். பைத்தான் கால்பேக் திருப்பும் பட்டியலில் இரண்டாவது எண் 1 என்றால் மதிப்பு நல்லது, 0 என்றால் முதலாவது எண் ஒரு பிழைக் குறியீடு. மதிப்பு தற்சமயம் இல்லை என்று சொல்ல 'பிஎம் எர்ர் அகெய்ன்' இருக்கிறது. தெரியாத மெட்ரிக்குக்கு 'பிஎம் எர்ர் பிஎம்ஐடி', தெரியாத இன்ஸ்டன்ஸுக்கு 'பிஎம் எர்ர் இன்ஸ்ட்'. வரைபடக் கோட்டில் இடைவெளி விழுந்தால் விழட்டும். பார்ப்பவருக்கு அதுவே ஒரு தகவல். தனி புரோகிராம் வழியில் போனால் கோப்பின் வயதையும் பாருங்கள், இல்லாவிட்டால் நேற்றைய அழுத்தம் இன்றும் கம்பீரமாக நேர்கோட்டில் நிற்கும். (கதவைத் திறக்கலாமா என்ற முடிவை இந்த வரைபடத்தை வைத்து யாரும் எடுக்கக் கூடாது. அதற்கு ஆலையில் தனிப் பூட்டு இருக்கிறது.)

மெட்ரிக்கின் வகையில் சின்ன விஷயங்கள். அழுத்தம் 'இன்ஸ்டண்ட்' (அந்த நேரத்து மதிப்பு), மொத்தக் குலை எடை 'கவுண்டர்' (ஏறிக்கொண்டே போகும் மொத்தம்). கவுண்டர் என்று அறிவித்தால் மதிப்பைத் திரையில் காட்டும் பிஎம்வேல் தானே விநாடிக்கு எவ்வளவு என்று மாற்றிக் காட்டும், நீங்கள் கழித்துப் பார்க்க வேண்டாம். பின்னால் சி-க்கு மாறினால் ஒன்றைக் கவனியுங்கள்: மெட்ரிக்கை டபிள் (தசம எண் வகை) என்று அறிவித்துவிட்டு முழு எண்ணுக்கான இடத்தில் மதிப்பை எழுதினால் கம்பைலர் வாயே திறக்காது, திரையில் குப்பை எண் வரும்.

அலகு விஷயத்தில் ஏமாறத் தயாராக இருங்கள். எஸ்ஜிஐ நிறுவனத்தில் உருவாகி 2000-ல் ஓப்பன் சோர்ஸாக வந்த மென்பொருள் இது. கம்ப்யூட்டரை அளக்கத்தான் செய்தார்கள். அதனால் இட அளவு, நேரம், எண்ணிக்கை ஆகிய மூன்றுக்கு மட்டுமே அலகு உண்டு. பார், செல்சியஸ் எதுவும் கிடையாது. அலகில்லாமல் அறிவித்து, உதவிக் குறிப்பில் 'பார்' என்று எழுதி வைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

மாற்றி எழுதியதும் நேரே பிஎம்சிடியில் மாட்டாமல், ஏஜெண்டைத் தனியாக ஓட்டிப் பார்க்கும் டிபிபிஎம்டிஏ கொண்டு சோதியுங்கள். எல்லா மெட்ரிக்கையும் ஒரே ஃபெட்சில் கேளுங்கள். அதில் டைமரைப் போட்டால் எவ்வளவு நேரம் ஆனது என்று காட்டும். அடுத்து பிஎல்சி கேபிளைக் கழற்றிவிட்டு மறுபடியும் கேளுங்கள், அப்போதும் பதில் சட்டென்று வர வேண்டும். மோட்பஸ் நூலகத்தின் காத்திருப்பு நேரத்தை ஒரு விநாடிக்குள் வைக்காவிட்டால் இங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள். சரியாக வந்தால் பிஎம்சிடிக்கு சிக்ஹப் என்ற சிக்னல் ஒன்றை அனுப்புங்கள், துண்டிக்கப்பட்ட ஏஜெண்டை மறுபடி எழுப்பிவிடும். அதன் பிறகும் துண்டித்தால், பிஎம்சிடியின் லாக் ஃபோல்டரில் உங்கள் ஏஜெண்ட் பெயரில் இருக்கும் கோப்பின் கடைசி வரிகளையும் பிஎல்சி என்ன மாடல் என்பதையும் கேள்வியில் சேருங்கள், பார்க்கிறேன்.