தோட்டம்: கேள்வி – பதில்

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கும் கல்லை ஒட்டி 10 அடிக்கு 15 அடி இடம் சும்மா கிடக்கிறது. வீடு கட்டியபோது கொட்டிய சிமென்ட் கழிவெல்லாம் அங்கேதான். கீரை விதைத்தால் நாலு இலை விட்டு வெளுத்துப் போகிறது. உரம் போடலாமா?

பதில்: உரம் போட்டால் காசுதான் நஷ்டம். சிமென்டில் உள்ள சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கிவிடும். இரும்புச்சத்து மண்ணில் இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. கொழுந்து இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறதா பாருங்கள். நின்றால் இதுதான் காரணம்.

ஓர் அடி ஆழம் தோண்டி, காரைக்கட்டிகளைப் பொறுக்கி எறியுங்கள். அதன்மேல் ஹாலோ பிளாக் ஒரு வரிசை அடுக்கி 10 அடி நீளம், 3 அடி அகலத்துக்குப் பாத்தி கட்டுங்கள். அரை கனஅடி கொள்ளும் சட்டியில் செம்மண் 20, நன்கு மக்கிய தொழுவுரம் 10, மணல் 10 என்று கலந்தால் நிரம்பும். வேப்பம்புண்ணாக்கு ஒரு கிலோ சேருங்கள். மக்காத சாணம் வேண்டவே வேண்டாம். வேர் கருகும், வெள்ளைப்புழுவும் வரும்.

கீரை விதையை மணலோடு கலந்து தூவி, மெல்லிசாக மண் மூடுங்கள். பாத்தி ஓரத்தில் கொஞ்சம் ரவை போட்டால் எறும்பு விதையை விட்டுவிடும். கீரைக்கு 4 மணி நேர வெயில் போதும்; கத்தரி, தக்காளிக்கு 6 மணி நேரமாவது வேண்டும்.

சோப்புத் தண்ணீரைப் பாத்திக்குள் விடாதீர்கள். கல்வாழை பக்கம் திருப்பிவிடுங்கள்.