சீரியல் போர்ட் கேள்வி-பதில்: கேபிளை மாற்றும் முன் பாரிட்டியைப் பாருங்கள்

கேள்வி: வே பிரிட்ஜ் (லாரி எடை மேடை) இண்டிகேட்டரில் எடை சரியாகத் தெரிகிறது. சீரியல் போர்ட் (பிட்களை ஒவ்வொன்றாக அனுப்பும் இணைப்பு) வழியாகக் கம்ப்யூட்டரில் 12450 வரவேண்டிய இடத்தில் ±²´50 என்று வருகிறது. சர்வீஸ் ஆள் கேபிளை மாற்றினார், யூஎஸ்பி கன்வர்ட்டரை மாற்றினார். இப்போது கம்ப்யூட்டரையே மாற்றச் சொல்கிறார்.

பதில்: எதையும் மாற்றாதீர்கள். கோளாறு என்ன என்பது நீங்கள் அனுப்பிய அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது. 5-ம் 0-வும் ஒழுங்காக வந்திருக்கின்றன. 1, 2, 4 மட்டும் கெட்டிருக்கின்றன. இண்டிகேட்டர் ஒவ்வோர் எழுத்தையும் 7 டேட்டா பிட் (எழுத்தின் குறியீட்டு எண்), ஈவன் பாரிட்டி (1-களின் மொத்தத்தை இரட்டைப்படையாக்கச் சேர்க்கும் சரிபார்ப்பு பிட்), 1 ஸ்டாப் பிட் (எழுத்தின் முடிவு) என்று அனுப்புகிறது. உங்கள் சாஃப்ட்வேர் 8 டேட்டா பிட், நோ பாரிட்டி, 1 ஸ்டாப் பிட் என்று வாங்குகிறது. ஸ்டார்ட் பிட்டையும் சேர்த்தால் இரண்டிலுமே ஓர் எழுத்துக்கு 10 பிட்தான். அதனால் போர்ட் எந்தப் பிழையும் காட்டாமல், பாரிட்டி பிட்டை எட்டாவது டேட்டா பிட்டாக எடுத்துக்கொள்கிறது. ஓர் எழுத்தின் குறியீட்டு எண்ணில் (பைனரியில்) உள்ள 1-கள் இரட்டைப்படையாக இருந்தால் பாரிட்டி 0, எழுத்து தப்பிவிடும். ஒற்றைப்படையானால் பாரிட்டி 1, குறியீட்டில் 128 கூடிவிடும். ஆக, 0, 3, 5, 6, 9 சரியாக வரும். 1, 2, 4, 7, 8 கெடும். இதை இண்டிகேட்டர் பக்கத்தில் எழுதி ஒட்டி வையுங்கள். நேர்மாறாகக் கெட்டால் ஆட் (ஒற்றைப்படை) பாரிட்டி. சாஃப்ட்வேரிலும் இண்டிகேட்டரின் செட்டிங்கையே போட்டால் சரியாகிவிடும்.

வரி முடிவில் வரும் 13 என்ற குறியீட்டிலும் மூன்று 1-கள். அதுவும் 141 ஆகிவிடும். அந்த முடிவுக் குறிக்காகக் காத்திருக்கும் பில்லிங் சாஃப்ட்வேர் திரையில் எதையுமே காட்டாது. உடனே ‘கேபிள் போச்சு’ என்று தீர்ப்பு. கேபிள் போனால் ஒன்றும் வராது, அல்லது விட்டுவிட்டு வரும். எண்ணி ஐந்து எண்களை மட்டும் கெடுக்கிற கேபிள் எங்கும் கிடையாது. ஒரு நிமிட செட்டிங் வேலைக்குக் கேபிள், கன்வர்ட்டர், கம்ப்யூட்டர் என்று வரிசையாகப் பில் போடுவதைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக இருக்கிறது. அடுத்த முறை சர்வீஸுக்கு ஆள் வந்தால், இண்டிகேட்டர் மெனுவில் உள்ள பாட் ரேட் (அனுப்பும் வேகம்), டேட்டா பிட், பாரிட்டி, ஸ்டாப் பிட் நான்கையும் முதலில் எழுதி வாங்குங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

கேள்வி: விண்டோஸ் டிவைஸ் மேனேஜரில் பாட் ரேட் 9600-ஐ 19200 ஆக்கினேன். டெர்மினலில் (போர்ட்டில் வருவதைக் காட்டும் புரோகிராம்) வரும் குப்பை எழுத்துகள் அப்படியே இருக்கின்றன.

பதில்: இருக்கத்தான் செய்யும். போர்ட்டைத் திறக்கிற புரோகிராம் தன் செட்டிங்கைத் தானே போட்டுக்கொள்ளும். நீங்கள் மாற்றிய பக்கம், சொந்தமாக எதுவும் போடாத புரோகிராம்களுக்கு மட்டும்தான். டெர்மினலுக்குள் போய் மாற்றுங்கள். எல்லா எழுத்துமே குப்பை என்றால் பெரும்பாலும் பாட் ரேட்தான். கருவியின் மெனுவைப் பாருங்கள். மெனு இல்லையென்றால் 9600, 4800, 2400, 19200 என்று முயலுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

கேள்வி: சீரியல் போர்ட் வேலை செய்யவில்லை. அவசரம், உதவவும்.

பதில்: என்ன கருவி, எந்த போர்ட், என்ன செட்டிங், திரையில் என்ன வந்தது? ஒன்றுமே எழுதாமல் அவசரம் என்றால் எப்படி? கருவியைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டர் பக்கத்து ஒன்பது பின் கனெக்டரில் 2, 3 பின்களைச் சிறு வயரால் இணையுங்கள். டெர்மினலில் ஃப்ளோ கண்ட்ரோல் (அனுப்புவதை நிறுத்தித் தொடரும் ஏற்பாடு) வேண்டாம், லோக்கல் எக்கோவும் (தட்டுவதை டெர்மினல் தானே திரையில் காட்டுவது) வேண்டாம். தட்டுவது திரும்பி வந்தால் போர்ட்டும் டிரைவரும் நலம். பாட் ரேட் சரியா என்பது இதில் தெரியாது. தானே அனுப்பித் தானே வாங்குவதால் எந்த ரேட்டிலும் எழுத்து வரும். முடிவோடு, கருவியின் நான்கு செட்டிங்கையும் சேர்த்து எழுதுங்கள்.

கேள்வி: பழைய ஃபானுக் சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டு மெஷின்). மதர்போர்டு போர்ட்டிலிருந்து புரோகிராம் அனுப்பினால் பாதியில் 87-ஆம் அலாரம்.

பதில்: ‘நிறுத்து’ என்று மெஷின் சொன்ன பிறகும் 10 எழுத்துக்கு மேல் வந்துகொண்டிருந்தால் வரும் அலாரம் இது. நிறுத்தக் குறி 19, தொடரக் குறி 17. அனுப்பும் சாஃப்ட்வேரில் ஃப்ளோ கண்ட்ரோலை எக்ஸான்/எக்ஸாஃப் (இந்தக் குறிகளைப் பார்த்து நடக்கும் முறை) ஆக்குங்கள். ஏற்கெனவே அப்படித்தான் இருக்கிறதென்றால் போர்ட்டின் ஃபிஃபோவை (எழுத்துகள் காத்திருக்கும் சிறு நினைவகம்) பாருங்கள். அதில் 16 எழுத்து வரை ஏற்கெனவே வரிசையில் நிற்கும். நிறுத்தக் குறி வந்தாலும் அவை போய்த்தான் தீரும். டிவைஸ் மேனேஜரில் போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு போய் டிரான்ஸ்மிட் பஃபரைக் கடைசி வரை குறையுங்கள். பாட் ரேட்டை இப்போதைக்குத் தொடாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்று.

கேள்வி: யூஎஸ்பி கன்வர்ட்டரின் போர்ட் எண் நேற்று காம் 5, இன்று காம் 11. பழைய சாஃப்ட்வேரில் 9 வரைதான் இருக்கிறது.

பதில்: கன்வர்ட்டரை வேறு யூஎஸ்பி துளையில் செருகியிருப்பீர்கள். சிஹெச்340 போன்ற மலிவு சிப்களில் பெரும்பாலும் தனி சீரியல் எண் இருக்காது. விண்டோஸ் துளையை வைத்துத்தான் அடையாளம் காணும். டிவைஸ் மேனேஜரின் அதே அட்வான்ஸ்டு பக்கத்தில் எண்ணை மாற்றலாம். எல்லா எண்ணும் ‘இன் யூஸ்’ என்று காட்டினால், வியூ மெனுவில் மறைந்த டிவைஸ்களைக் காட்டச் சொல்லி, மங்கலாகத் தெரியும் பழைய போர்ட்களை நீக்குங்கள்.

கேள்வி: போர்ட்டைத் திறந்தால் ‘ஆக்சஸ் டினைடு’ என்கிறது.

பதில்: வேறொரு புரோகிராம் போர்ட்டைப் பிடித்திருக்கிறது. அதை மூடுங்கள்.

கேள்வி: மைக்ரோகண்ட்ரோலர் போர்டின் பின்களை ஒன்பது பின் போர்ட்டில் நேராகக் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. அந்தப் போர்ட்டின் ஆர்எஸ்-232 லைனில் மைனஸ் 15 முதல் பிளஸ் 15 வோல்ட் வரை வரலாம், 3.3 வோல்ட் பின் அதைத் தாங்காது. நடுவில் வோல்டேஜை மாற்றித் தரும் மேக்ஸ்3232 மாட்யூல் போடுங்கள்.

கேள்வி: உபுண்டு 22.04-இல் சிஹெச்340 கன்வர்ட்டர் செருகியதும் தெரிகிறது, உடனே காணாமல் போகிறது.

பதில்: பிரெய்ல் கருவிகளுக்கான பிஆர்எல்டிடிஒய் (brltty) என்ற புரோகிராம் அதைத் தன் கருவி என்று நினைத்து எடுத்துக்கொள்கிறது. பிரெய்ல் டிஸ்ப்ளே யாரும் பயன்படுத்தவில்லை என்றால் அந்தப் பேக்கேஜை நீக்குங்கள். பிறகும் அனுமதி இல்லை என்றால் உங்கள் யூசரை, சீரியல் போர்ட் அனுமதி உள்ள டயல்அவுட் (dialout) குரூப்பில் சேர்த்து, லாக்அவுட் செய்து திரும்ப வாருங்கள்.