பழைய தொழில் இயந்திரத்தை மாற்றி அமைத்த விடுதியில் இரவு தங்கியிருக்கிறீர்களா? கொடுக்கும் பணத்துக்குத் தகுமா?

தங்கியிருக்கிறேன். நெதர்லாந்தின் ஹார்லிங்கன் துறைமுகத்தில் நிற்கும் பழைய கிரேனுக்குள் நானும் மனைவியும் ஓர் இரவைக் கழித்தோம். அந்த இடத்துக்கு, என் கணக்கில், கொடுத்த பணம் முழுக்கத் தகும். ஆனால் பழைய இயந்திரத்துக்குள் அறை கட்டிய எல்லா விடுதிகளுக்கும் இதே பதிலைச் சொல்ல மாட்டேன். பெயர் சொல்லாத இன்னொரு இடத்தில் தங்கி மனம் நொந்து திரும்பியிருக்கிறேன். இரண்டையும் எழுதுகிறேன்.

இருபத்தாறு ஆண்டுகள் கிரேன் பராமரிப்பு வேலை பார்த்தவன் நான். கம்பிவடத்தில் எத்தனை இழை அறுந்திருக்கிறது என்று விரலால் தடவி எண்ணுவது, பிரேக் லைனிங் மாற்றுவது, கிரேனின் மேல்பாகம் திரும்ப உதவும் சுழல் வளையத்தின் பற்களுக்குக் கிரீஸ் வைப்பது என்றே என் பகல்கள் போயின. அதனால் என் பார்வையில் ஒரு பக்கச் சாய்வு இருக்கும். படிக்கும்போது அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹார்லிங்கன் சின்ன ஊர். நாட்டின் வடக்கே ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில், வாடன் கடலின் கரையில் இருக்கிறது. டெர்ஸ்கெல்லிங், ஃப்லீலாந்து தீவுகளுக்குப் போகும் படகுகள் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. நான் சொல்லும் கிரேன் 1967 முதல் 1996 வரை இந்தத் துறைமுகத்தில், ரஷ்யாவிலிருந்தும் ஸ்காண்டிநேவிய நாடுகளிலிருந்தும் கப்பலில் வந்த மரங்களை இறக்கிக்கொண்டிருந்தது. வேலை நின்ற பிறகு பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்க வேண்டிய பொருள். யாரோ அதைக் காப்பாற்றி, 2003 வாக்கில் விடுதியாக்கினார்கள். மொத்தமே ஒரே ஓர் அறைதான், இரண்டு பேருக்கு.

இப்படிப்பட்ட கிரேன்கள் ஏன் இவ்வளவு எண்ணிக்கையில் ஓய்வு பெற்றன என்று பலருக்குத் தெரிவதில்லை. 1956 ஏப்ரலில் ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் 58 கன்டெய்னர் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு அமெரிக்காவின் நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் போனது. கன்டெய்னர் யுகம் அங்கே தொடங்கியது. அதுவரை மூட்டை, பீப்பாய், மரக்கட்டு என்று ஒவ்வொன்றாகத் தூக்கி, உடம்பைத் திருப்பி, கரையில் வைத்துக்கொண்டிருந்தது இந்தச் சுழலும் கிரேன். பெட்டிகள் வந்ததும் அவற்றை நேர்கோட்டில் இழுத்துக் கரை சேர்க்கும் பிரம்மாண்டமான கேன்ட்ரி கிரேன்கள் வந்தன. பழையவை நல்ல உடம்போடு இருக்கும்போதே வேலையை இழந்தன. பல்லும் சக்கரமும் தேயாத நிலையில் துருப்பிடிக்க விடப்பட்ட இயந்திரத்தைப் பார்க்க எனக்கு எப்போதும் தாங்காது. ஹார்லிங்கனுக்கு நான் போனதற்கே இதுதான் காரணம்.

லிஃப்ட்டில் ஏறினோம். அறை தரையிலிருந்து சுமார் 17 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முன்பு இயந்திர அறையாக இருந்ததுதான் இப்போது படுக்கையறை. துறைமுகக் கிரேன்களில் இயந்திர அறையைப் பின்பக்கம் வைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. முன்னால் நீண்டிருக்கும் கையும் அதில் தொங்கும் சுமையும் கிரேனை முன்பக்கம் சாய்க்கப் பார்க்கும். வடம் சுற்றும் உருளைகள், மோட்டார்கள், பல்சக்கரப் பெட்டி எல்லாவற்றையும் பின்னால் வைத்தால் அந்தப் பாரமும் எதிர் எடையோடு சேர்ந்து கிரேனை நிமிர்த்திப் பிடிக்கும். அவற்றை வெளியே எடுத்துவிட்டுக் கட்டிலும் குளியலறையும் வைக்கிறவர் இந்தக் கணக்கை மறுபடி போட்டாக வேண்டும். கட்டிலில் உட்கார்ந்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான்: இன்று இரவு நானும் இவளும் எதிர் எடையில் ஒரு பங்கு.

அறையைப் பற்றி நீளமாக எழுத மாட்டேன். நல்ல கட்டில், நல்ல குளியலறை, பெரிய கண்ணாடி ஜன்னல். வசதிக்குக் குறைவில்லை. ஆனால் வசதியைத் தேடி யாரும் இங்கே போகத் தேவையில்லை.

போக வேண்டியது ஓட்டுநர் கூண்டுக்காக. அங்கே ஒரு ஜாய்ஸ்டிக் இருக்கிறது. தங்குபவர்களே அதைப் பிடித்துக் கிரேனைச் சுழற்றலாம். கூண்டு, படுக்கையறை, நீண்ட கை எல்லாம் சேர்ந்து திரும்பும்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். பிடியை மெல்லச் சாய்த்தேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அடியில் எங்கோ மோட்டார் முனகும் சத்தம், பிறகு உள்ளங்காலில் ஒரு சன்னமான நடுக்கம். அதன் பிறகுதான் ஜன்னலுக்கு வெளியே ஒரு பாய்மரக் கம்பம் சட்டத்தின் ஓரத்தை விட்டு விலகத் தொடங்கியது. நாம் நகர்கிறோம் என்று உடம்புக்குத் தெரிவதே இல்லை. ஊர்தான் நகர்வதுபோல் இருக்கும். கூரைகள், படகுகள், அலைதடுப்புச் சுவர், அப்புறம் திடீரென்று வெறும் கடல். கடல் வந்ததும் பிடியை விட்டேன். கிரேன் உடனே நிற்கவில்லை. அத்தனை டன் எஃகு ஒரு முறை சுழலத் தொடங்கிவிட்டால் தன் வேகத்தில் இன்னும் கொஞ்சம் போய்த்தான் ஓயும். “என்னங்க, நிற்குமா?” என்று மனைவி என் தோளைப் பிடித்தாள். நின்றது, நான் நினைத்த இடத்தைத் தாண்டி. நல்ல ஓட்டுநர் நிற்க வேண்டிய இடம் வருவதற்கு முன்பே கையைத் தளர்த்திவிடுவார். கொக்கியில் மரக்கட்டு ஆடாமல் இருக்க, அது ஆடும் திசையிலேயே கிரேனின் கையைச் சற்று அனுப்பி ஆட்டத்தை அடக்குவார். கீழே நின்று அவர்களை ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். அந்த வேலையின் கனம் என் கைக்கு வந்து சேர்ந்தது அந்த மாலையில்தான். நாலைந்து முறை முயன்ற பிறகு, கலங்கரை விளக்கத்துக்கு நேராகக் கிரேனின் கையைக் கொண்டுபோய் நிறுத்த முடிந்தது.

தூக்கம் வருமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வரும், ஆனால் சத்தங்களுக்குப் பழக வேண்டும். வெயில் இறங்கியதும் எங்கோ ‘டக்’ என்று ஒரு ஓசை. கொஞ்ச நேரம் கழித்து வேறு மூலையில் இன்னொன்று. மனைவி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். பயப்பட ஒன்றுமில்லை, எஃகு சுருங்கும் ஓசை அது. ஒவ்வொரு டிகிரி வெப்ப மாற்றத்துக்கும் எஃகு மீட்டருக்குச் சுமார் 0.012 மில்லிமீட்டர் நீளும் அல்லது சுருங்கும். 30 மீட்டர் நீளமான உத்தரம் ஒன்று பகலுக்கும் இரவுக்கும் 20 டிகிரி வேறுபட்டால், 7 மில்லிமீட்டர் குட்டையாகிவிடும். அந்த 7 மில்லிமீட்டருக்கு மூட்டுகள் வழிவிடும்போது இப்படிச் சொடுக்கும். இதைச் சொன்ன பிறகுதான் அவள் படுத்தாள். நள்ளிரவுக்குப் பிறகு காற்று எழுந்தது. இரும்புச் சட்டங்களுக்கு நடுவே அது நுழைந்து வருவது, யாரோ மூடிய வாயால் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல் கேட்டது. கட்டிலும் மிக மெதுவாக, ஒரு விரற்கடை அளவுக்குக்கூட இருக்காது, அசைந்தது. காற்றின் வேகம் இரட்டிப்பானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்று பாடமாகத் தெரியும். முதுகில் உணர்ந்தது அதுவே முதல் முறை. உண்மையைச் சொன்னால், நான் அன்று அதிகம் தூங்கவில்லை. தூங்கி அதை இழக்க விருப்பமில்லை.

இனி அந்த இன்னொரு இடம். எந்த ஊர் என்று சொல்லவில்லை. பழைய பாரந்தூக்கி இயந்திரக் கூடம் என்று விளம்பரம் செய்திருந்தார்கள். உள்ளே போனால் நான்கு பக்கமும் ஜிப்சம் பலகை, பளபளக்கும் தரை, வாசனைத் திரவியம். இயந்திரத்தின் ஒரே மிச்சம் வரவேற்பறையில் கறுப்பு வண்ணம் பூசி நிறுத்திய ஒரு பல்சக்கரம். பற்களின் இடுக்கில்கூட வண்ணத்தை ஊற்றியிருந்தார்கள். அந்தப் பற்கள் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கின்றன என்று பார்த்தால் அது எந்தத் திசையில் சுழன்று பாரம் தூக்கியது என்று சொல்லிவிடலாம். அந்தக் கதையை மூடிவிட்டு, அதற்கு மேல் ஒரு பூச்சாடியை வைத்திருந்தார்கள். அறைக்கு வாங்கிய தொகை ஹார்லிங்கனைவிடக் குறைவு. எனக்கு அதுவே வீண் செலவாகத் தோன்றியது.

ஆகவே முன்பதிவு செய்வதற்கு முன் நான் கேட்கும் முதல் கேள்வி: இயந்திரத்தில் எது இன்னும் அசைகிறது? ஆம்ஸ்டர்டாமில் என்.டி.எஸ்.எம் என்ற பழைய கப்பல் கட்டும் தளத்தில் ஃபரால்டா என்று ஒரு கிரேன் விடுதி இருக்கிறது. சுமார் 50 மீட்டர் உயரம், மூன்று அறைகள். அது காற்றின் போக்குக்குத் தானாகத் திரும்பும். காற்றை எதிர்த்து நிற்பதைவிட அதோடு திரும்பிவிடுவது கிரேனுக்குப் பாதுகாப்பு. கட்டட வேலைகளில் நிற்கும் டவர் கிரேன்களையும் வேலை முடிந்ததும் இப்படித்தான் சுழல விட்டுவிட்டுப் போவோம். கோபன்ஹேகனின் நூர்ஹவ்ன் துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றி இறக்கிய கிரேன் ஒன்றை ஒரே அறை விடுதியாக்கியிருக்கிறார்கள். உள்ளே சுவரும் கூரையும் கறுப்பு, நிலக்கரியின் நினைவாக. இரண்டிலும் நான் தங்கியதில்லை. இரண்டும் தாங்கள் எதுவாக இருந்தோம் என்பதை மறைக்கவில்லை என்பதால் போக ஆசை உண்டு.

இரண்டாவது, இரும்பு வெப்பத்தை மரத்தைவிடப் பல நூறு மடங்கு வேகமாகக் கடத்தும். வெப்பக் காப்பு சரியாகப் பொருத்தாத இடத்தில் குளிர் இரவில் உட்சுவர் வியர்த்து, சொட்டத் தொடங்கும். அந்த இயந்திரக் கூடத்தில் ஜன்னல் சட்டத்தின் கீழே துணி வைத்திருந்ததைப் பார்த்தேன். குளிர்காலத்தில் தங்கியவர்கள் எழுதிய விமர்சனங்களைத் தேடிப் படியுங்கள். கோடையில் எடுத்த புகைப்படங்கள் இதைக் காட்டாது.

மூன்றாவது, சுழலும் அறையாக இருந்தால் தண்ணீரும் கழிவுநீரும் எப்படிப் போகின்றன என்று கேளுங்கள். மின்சாரத்துக்கு வழுக்கு வளையங்கள், அதாவது சுழலும் பாகத்துக்கும் கம்பி முறுக்காமல் மின்சாரம் கொண்டுபோகும் வளையங்கள், கிரேனில் முதலிலிருந்தே உண்டு. குழாய்களுக்கு அப்படி எதுவும் கிடையாது, மாற்றி அமைத்தவர்கள் புதிதாக யோசித்துச் செய்திருக்க வேண்டும். இதைக் கேட்டதும் முகம் மலர்ந்து விளக்குகிற ஆட்கள் நடத்தும் இடம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம்.

உயரம் பிடிக்காதவர்கள், கப்பலில் தலைசுற்றுபவர்கள், சின்னச் சத்தத்துக்கும் விழிப்பவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். காற்று பலமாக இருக்கும்போது எந்தக் கிரேனையும் இயக்கக் கூடாது. சுழற்றும் ஆசையோடு போகிறவர்கள் வானிலை முன்னறிவிப்பைப் பார்த்து நாளைத் தேர்ந்தெடுங்கள்.

காலையில் நான் எழும்போது மனைவி கூண்டில் உட்கார்ந்திருந்தாள். ஜாய்ஸ்டிக் அவள் கையில். கடல் வற்றி, தொலைவில் சேற்றுத் திட்டுகள் ஈயத்தின் நிறத்தில் மின்னிக்கொண்டிருந்தன. அறை முழுக்க மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது, கட்டிலில் விழுந்த வெயில் என் காலிலிருந்து சுவருக்கு ஏறியது. தீவுப் படகு கிளம்பும் திசைக்கு வருவதற்குச் சற்று முன்பே அவள் கையைத் தளர்த்தினாள். கிரேன் தன் போக்கில் இன்னும் கொஞ்சம் போய், படகுக்கு நேராக நின்றது.