அக்யூரசி, பிரிசிஷன்: இரண்டும் துல்லியம்தானா?

பேச்சில் இரண்டும் ஒன்றுதான். தமிழிலும் இரண்டுக்கும் 'துல்லியம்' என்றே சொல்லிவிடுகிறோம். அளவை என்று வரும்போதுதான் தகராறு.

மின்னணுத் தராசில் சரியான 1 கிலோ எடைக்கல்லை ஐந்து முறை வையுங்கள். 1.020, 1.021, 1.020, 1.019, 1.020 என்று காட்டினால் பிரிசிஷன் அருமை, அளவுகள் ஒட்டி நிற்கின்றன. ஆனால் உண்மை எடையைவிட 20 கிராம் கூடுதல், அக்யூரசி மோசம். இன்னொரு தராசு 0.985, 1.015, 0.990, 1.010, 1.000 காட்டுகிறது. சராசரி சரியாக 1 கிலோ. ஆனால் அளவுகள் சிதறுகின்றன, பிரிசிஷன் மோசம். ஒரே தடவை நிறுத்துப் பொருள் கொடுத்தால் யாருக்காவது நட்டம்.

முதல் கோளாறு நூறு முறை நிறுத்துச் சராசரி எடுத்தாலும் போகாது. காலித் தட்டிலேயே 0.020 காட்டினால் ஜீரோ பட்டன் போதும். இல்லையென்றால் தெரிந்த எடைக்கல்லை வைத்துக் காலிபரேஷன், அதாவது காட்டும் அளவை அந்த எடையோடு ஒப்பிட்டுச் சரிப்படுத்துதல், செய்ய வேண்டும். இரண்டாவதற்கு ஆடும் மேசையையும் மின்விசிறிக் காற்றையும் பாருங்கள்.

திரையில் மூன்று தசம இலக்கம் வருவது அக்யூரசி, பிரிசிஷன் இரண்டுக்குமே சான்றல்ல. அது வெறும் ரெசல்யூஷன், திரை காட்டக்கூடிய மிகச் சிறிய வேறுபாடு.

1994இல் வந்த ஐஎஸ்ஓ 5725 என்ற சர்வதேசத் தரநிலையோ அக்யூரசி என்ற சொல்லுக்குள்ளேயே ட்ரூனெஸ் (சராசரி உண்மை அளவுக்கு எவ்வளவு அருகில் என்பது), பிரிசிஷன் இரண்டையும் அடக்கிவிட்டது. ஆய்வக அறிக்கை படிக்கும்போது எந்தப் பொருளில் எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.