வாசகர் கேள்வி-பதில்: எல்விஸின் புளூகிராஸும் ஒற்றை மைக்கும்

கேள்வி: எல்விஸ் பிரெஸ்லி ஸ்டூடியோவில் புளூகிராஸ் (பாஞ்சோ, மாண்டலின் போன்ற தந்தி வாத்தியங்களோடு பாடும் அமெரிக்க நாட்டுப்புற இசை) பாடியிருக்கிறாராமே?

பதில்: 1956 டிசம்பர் 4 அன்று மெம்பிஸ் சன் ஸ்டூடியோவில் பாடகர் கார்ல் பெர்கின்ஸின் ஒலிப்பதிவு. பியானோவில், அப்போது பலருக்கும் தெரியாத ஜெர்ரி லீ லூயிஸ். எல்விஸ் சும்மா எட்டிப் பார்க்க வந்தார், பேச்சு பாட்டானது. பாடகர் ஜானி கேஷும் அங்கிருந்தார். ஒலிப்பதிவாளர் ஜாக் கிளெமென்ட் டேப்பை ஓடவிட்ட புண்ணியத்தில் நாம் அதைக் கேட்கிறோம். பக்திப் பாடல்களோடு, புளூகிராஸின் தந்தை எனப்படும் பில் மன்றோவின் புளூகிராஸ் பாடல்களும் வருகின்றன. பாதியில் விட்டு அடுத்ததற்குத் தாவுகிறார்கள். பாஞ்சோ, மாண்டலின் இல்லாததால் அதை முழுப் புளூகிராஸ் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உறவு பழையது. 1954இல் வந்த எல்விஸின் முதல் இசைத்தட்டின் மறுபக்கமே மன்றோவின் பாடல்தான். மூன்று தட்டுத் தாளத்தில் வால்ட்ஸாக இருந்ததை எல்விஸ் நாலு தட்டில் விரட்டினார். அதே ஆண்டு மன்றோ அதை மறுபடி பதிவு செய்தபோது மூன்றில் தொடங்கி நாலுக்கு மாறினார்!

கேள்வி: கிதார், பாஞ்சோ, மாண்டலின், டபுள் பேஸ். ஒரே அறையில் ஆளுக்கொரு மைக் வைத்துப் பதிந்தோம். குரல் குழாய்க்குள் இருந்து வருவதுபோல் இருக்கிறது. ஏன்?

பதில்: ஓர் அடி கடக்க ஒலிக்கு ஏறக்குறைய 0.9 மில்லி விநாடி ஆகும். ஒரே குரல் நான்கு மைக்குகளில் நான்கு நேரத்தில் விழுகிறது. கலக்கும்போது சில அலைவரிசைகள் ஒன்றையொன்று அழித்துவிடும். மைக்குகளை எடுத்துவிடுங்கள். பெரிய டயாஃப்ரம் (ஒலியில் அதிரும் மெல்லிய தகடு) கொண்ட கண்டன்சர் வகை மைக் ஒன்று போதும். மோவாய்க்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். பாடுபவர் ஓர் அடி தள்ளி, கிதார் இரண்டடி, பாஞ்சோ நாலைந்தடி என்று தொடங்கி, கேட்டுக்கேட்டு நகர்த்துங்கள். தனி வாசிப்பு வந்தால் முன்னே வந்து, முடிந்ததும் விலக வேண்டும். பேஸ் கேட்கவில்லையென்றால் அதற்கு மட்டும் இன்னொரு மைக். அது பேஸிலிருந்து இருக்கும் தூரத்தைப் போல் மூன்று மடங்காவது முதல் மைக்கிலிருந்து விலகியிருக்கட்டும்.

ஹெட்ஃபோன், கிளிக் (காதில் ஒலிக்கும் தாளத் தட்டு) இரண்டும் வேண்டாம். ஹெட்ஃபோன் மாட்டினால் பக்கத்தில் பாடுபவருக்கு ஏற்பக் குரலை இறக்கத் தோன்றாது. தாளத்தைப் பேஸ் 1, 3ஆம் தட்டுகளிலும், மாண்டலினின் வெட்டு (சட்டென அடக்கிவிடும் மீட்டு) 2, 4ஆம் தட்டுகளிலும் பிடித்துக்கொள்ளும். எல்லாம் ஒரே மைக்கில் பதிவதால் ஒருவர் தவறினால் ஒட்டுப்போட முடியாது, முழுப்பாட்டையும் மறுபடி பாட வேண்டியதுதான்.

கேள்வி: பாஞ்சோவில் இரண்டாம் கட்டையில் கேப்போ (சுருதியை ஏற்றத் தந்திகளை அழுத்தும் கவ்வி) போட்டால் ஐந்தாம் தந்தி அபஸ்வரம்!

பதில்: அந்தத் தந்தி ஐந்தாம் கட்டையில்தான் தொடங்குகிறது, கேப்போ அதைத் தொடாது. தந்தியை ஏழாம் கட்டையில் உள்ள சின்ன ஆணியில் மாட்டுங்கள். கேப்போ நாலில் என்றால் ஒன்பதில். மாட்டியபின் சுருதி கூடும், சரிபாருங்கள்.