புது பேட்டரி போட்டும் 'டக்' சத்தம் மட்டும் வருகிறதா? எர்த்தைப் பாருங்கள்

அண்ணே, காசிமேட்டில் மீன் ஏற்றும் உங்கள் லோடு வண்டி, புது பேட்டரி போட்டும் 'டக்' என்ற சத்தத்தோடு நின்றுவிடுகிறது என்கிறீர்கள். அவசரப்பட்டு செல்ஃப் மோட்டாரைக் கழற்ற விடாதீர்கள். எனக்கு எர்த் ஒயர் மேல்தான் சந்தேகம், அதாவது பேட்டரி நெகட்டிவை இன்ஜினோடு இணைக்கும் ஒயர். உப்புக்காற்றும் மீன்பெட்டியில் இருந்து வடியும் ஐஸ் தண்ணீரும் அதை அரித்துவிடும்.

நியூட்ரலில் போட்டு, மல்டிமீட்டரின் (வோல்ட் அளக்கும் கருவி) ஒரு முனையை பேட்டரி நெகட்டிவில் வையுங்கள், ஒயர் கிளாம்பில் இல்லை, பேட்டரியின் ஈய முனையிலேயே. மறுமுனை இன்ஜின் பிளாக்கின் வெறும் இரும்பில். யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு எர்த்தில்தான். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, எர்த் ஒயரின் முனைகளைப் பச்சைக் களிம்பு போய் செம்பு மினுங்கும்வரை உப்புத்தாளால் தேயுங்கள். இறுக்கியபின் கிரீஸ் தடவுங்கள்.

குறைவாகக் காட்டினால் சரி, அப்புறம் பாசிட்டிவ் பக்கமும், பேட்டரி பாசிட்டிவில் ஒரு முனையும் செல்ஃப் மோட்டாரில் பேட்டரி ஒயர் சேரும் இடத்தில் மறுமுனையும் வைத்து, இதேபோல் பார்த்து, வந்த வோல்ட்டை இங்கே எழுதுங்கள்.